குளிர்ந்த காற்று வேறு, புதிய காற்று வேறு

மாலை வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

 

இன்றைக்கு ஃபீஸ் பற்றியோ மார்க் பற்றியோ பேச வரவில்லை. டிரஸ்ட் எடுத்த ஒரு முடிவைப் பற்றி உங்களுக்கு விளக்கம் சொல்ல வந்திருக்கிறோம். நமது கட்டடத்தின் மாடி வகுப்பறைகளுக்கு ஏ.சி. போட்டுத் தருகிறோம் என்று வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ச் சகோதரர்கள் சிலர் முன்வந்தார்கள். நிர்வாகக் குழு கூடிப் பேசி, முதலில் காற்றோட்டத்துக்கு வழி செய்வோம், ஏ.சி. அதற்குப் பிறகு என்று முடிவெடுத்தது.

இதில் பலருக்கு வருத்தம். "தருகிறவர்கள் தரும்போது வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? மே மாத வெயிலில் பிள்ளைகள் வெந்து போகின்றன. பக்கத்துத் தெரு டியூஷன் சென்டரில் ஏ.சி. ஓடுகிறது, நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் பிள்ளைகளை நம்பி அனுப்புகிறீர்கள், அது அமானிதம். கேட்ட கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்வது நம் கடமை.

மூச்சின் கணக்கு

பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம்: மூச்சை உள்ளே இழுக்கும்போது பிராணவாயு, வெளியே விடும்போது கரியமில வாயு. கார்பன் டை ஆக்சைடு என்று பிள்ளைகள் இப்போது படிப்பது இதைத்தான். வெளியே திறந்த வெளியில் இது மிகக் குறைவு. பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறக்குறைய 420 பங்குதான். இதைப் பி.பி.எம். என்ற கணக்கில் சொல்வார்கள். ஆனால் நாம் விடும் மூச்சில் அது 100-க்கு 4 பங்கு. அதாவது பத்து லட்சத்துக்கு 40,000. வெளிக்காற்றைப் போல நூறு மடங்கு.

இதை நம் மாடி அறைக்குப் பொருத்திப் பார்ப்போம். நீளம் 20 அடி, அகலம் 20 அடி, உயரம் 10 அடி. மொத்தம் 4,000 கன அடி. லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 1,13,000 லிட்டர் காற்று. அதில் 40 பிள்ளைகள். பத்து வயதுப் பிள்ளை உட்கார்ந்து படிக்கும்போது ஒரு மணி நேரத்தில் சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை வெளியிடுகிறது. 40 பிள்ளைகளுக்கு 480 லிட்டர். பத்து நிமிடத்துக்கு 80 லிட்டர்.

கதவையும் ஜன்னலையும் இறுக மூடிவிட்டால் பத்து நிமிடத்தில் அறையின் அளவு 420-லிருந்து 1,100-ஐத் தாண்டிவிடும். அரை மணி நேரத்தில் 2,500 ஆகிவிடும். எந்த அறையும் மூடிபோட்ட பாட்டில் அல்ல, கதவிடுக்கு வழியே கொஞ்சம் காற்று வந்து போகும். அதனால் ஏற்றம் சற்று மெதுவாக இருக்கலாம். ஆனாலும் நம் டியூஷன் அரை மணி நேரமா நடக்கிறது? அஸர் முடிந்து வரும் பிள்ளை இஷா வரை இருக்கிறது.

இன்னொரு விதமாகச் சொல்கிறோம். ஓர் அறையில் அளவு 2,400 என்றால், அங்கே இழுக்கும் காற்றில் இருபதில் ஒரு பங்கு வேறொருவருடைய நெஞ்சிலிருந்து ஏற்கெனவே வெளிவந்த காற்று. இருபது மூச்சுக்கு ஒரு மூச்சு அடுத்தவர் விட்ட மூச்சு. ஒருவர் குடித்து மீதி வைத்த தண்ணீரை நம் பிள்ளைக்குக் கொடுக்க யோசிப்போம். காற்று கண்ணுக்குத் தெரியாததால் யோசிப்பதில்லை.

தூங்கி வழிகிற பிள்ளை

1858-ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் மேக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார அறிஞர் வீடுகள், பள்ளி அறைகள் ஆகியவற்றின் காற்றை அளந்து எழுதினார். மனிதர்கள் தங்கும் அறையில் கரியமில வாயு 1,000 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்றார். அந்த அளவில் இந்த வாயு விஷம் என்று அவர் சொல்லவில்லை. காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் அடையாளம் அது என்றார். அவர் சொன்ன 1,000 என்ற எண்தான் இன்றும் பல நாடுகளின் விதிகளில் இருக்கிறது. ஜெர்மனியின் சுற்றுச்சூழல் துறையும், 1,000-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 2,000-ஐத் தாண்டினால் ஏற்கத்தக்கதல்ல என்று வகுத்திருக்கிறது.

படிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 22 பேரை ஓர் அறையில் உட்கார வைத்து, கரியமில வாயுவை 600, 1,000, 2,500 என்று மூன்று அளவுகளில் வைத்து, முடிவெடுக்கும் திறனைச் சோதித்தார்கள். ஒன்பது வகைத் திறன்களில் 1,000-இல் ஆறும், 2,500-இல் ஏழும் குறைந்தன.

பிறகு வந்த எல்லா ஆய்வுகளும் இதே முடிவைச் சொல்லவில்லை. டென்மார்க்கில் செய்த ஒரு சோதனையில், சுத்தமான கரியமில வாயுவை மட்டும் சிலிண்டரிலிருந்து விட்டு 3,000 வரை கொண்டு போனபோது பெரிய பாதிப்பு தெரியவில்லை. ஆனால் காற்றோட்டத்தைக் குறைத்து, மனிதர்களின் மூச்சாலேயே அதே அளவுக்கு ஏறவிட்டபோது தலைவலி, சோர்வு, தூக்கக் கலக்கம், தெளிவாக யோசிக்க முடியாமை எல்லாம் கூடின. மூச்சோடும் வியர்வையோடும் சேர்ந்து வெளிவரும் மற்றவையும் இதில் பங்கு வகிக்கின்றன என்று இதிலிருந்து தெரிகிறது. எப்படியிருந்தாலும் நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான்: கரியமில வாயு ஏறிய அறை பிள்ளைகள் படிப்பதற்கு ஏற்ற அறை அல்ல.

அதே டென்மார்க்கில் பத்து வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். ஒரு பிள்ளைக்கு வினாடிக்கு 3 லிட்டர் அளவில் இருந்த வெளிக்காற்றை 8 லிட்டருக்கு மேல் உயர்த்தினார்கள். பாடம், ஆசிரியர், புத்தகம் எதுவும் மாறவில்லை. கணக்கையும் மொழிப் பயிற்சியையும் பிள்ளைகள் முன்பைவிட வேகமாகச் செய்தார்கள்.

உஸ்தாதுமார்களுக்கும் ஆசிரியைகளுக்கும் இங்கே ஒரு வேண்டுகோள். மாலை ஆறரை மணிக்கு ஒரு பிள்ளை கொட்டாவி விட்டால் உடனே "சோம்பேறி" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு பிள்ளை தூங்கினால் அது ராத்திரி சரியாகத் தூங்காததாக இருக்கலாம், பசியாக இருக்கலாம். அறையில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் தூங்கி வழிந்தால், முதலில் ஜன்னலைப் பாருங்கள். வீட்டில் தாய்மார்களும், "என் பிள்ளைக்கு ஓதுவதில் கவனமே இல்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன் அது எந்த அறையில் எத்தனை பேரோடு உட்கார்ந்து ஓதுகிறது என்று ஒரு நாள் வந்து பாருங்கள்.

இருமல் அடுத்த பெஞ்சுக்குப் போகும் வழி

தூக்கம் மட்டும்தான் பிரச்சினை என்றால் இதற்கு ஒரு கூட்டம் போட்டிருக்க மாட்டோம். இதைவிடப் பெரிய விஷயம் காசநோய்.

உலகத்தில் காசநோய் வருகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நம் நாட்டில் இருக்கிறார். அது தட்டிலோ டம்ளரிலோ பரவும் நோய் அல்ல. நோய் உள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் நுண்துளிகள் காற்றில் மிதந்து, அதே காற்றை இழுப்பவரின் நுரையீரலுக்குள் போகின்றன. மூடிய அறையில் அவை மணிக்கணக்கில் மிதக்கும். கரியமில வாயு தேங்கிய அறையில் இந்தத் துளிகளும் தேங்கும். இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன, ஒரே ஜன்னல் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

தைவான் நாட்டின் தலைநகர் தைபேயில் ஒரு பல்கலைக்கழகத்தில் காசநோய் பரவியது. 27 பேருக்கு நோய் வந்தது. காற்றோட்டம் இல்லாத வகுப்பறைகளில் அளந்தபோது கரியமில வாயு 3,200 அளவில் இருந்தது. கட்டடத்தின் காற்றோட்டத்தைச் சரிசெய்து அதை 600 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு, நோயாளிகளோடு பழகியவர்களிடம் புதிதாக நோய் வருவது 97 சதவீதம் குறைந்தது என்று 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மருந்தும் பரிசோதனையும் அவசியம்தான். அவற்றோடு காற்றும் சேர்ந்து வேலை செய்தது.

நம் மக்தபைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஓதுவார்கள். அந்த ஓசை காதுக்கு எவ்வளவு இனிமை! ஆனால் சும்மா மூச்சுவிடுவதைவிடச் சத்தமாக ஓதும்போது வாயிலிருந்து வரும் நுண்துளிகள் அதிகம். ஹிஃப்ழ் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓதுகிறார்கள்? அப்படியானால் எல்லா வகுப்பறைகளையும்விட நம் ஓதும் அறைகளுக்குத்தான் அதிகக் காற்று வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்ச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். மறைக்க வேண்டிய நோய் அல்ல இது. முழுக் காலமும் மருந்து சாப்பிட்டால் குணமாகும். அந்தக் குடும்பத்தின் பிள்ளையை யாரும் ஒதுக்கவும் கூடாது.

ஏ.சி. என்ன செய்கிறது?

இப்போது ஏ.சி.க்கு வருவோம். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். வெளியே ஒரு பெட்டி இருக்கிறதே, அதிலிருந்துதானே காற்று வருகிறது என்று நினைக்கிறோம். அந்தப் பெட்டி செய்வது, அறையின் சூட்டை வெளியே தள்ளுவது மட்டும். உள்பெட்டியையும் வெளிப்பெட்டியையும் இணைக்கும் செம்புக் குழாயில் ஓடுவது குளிரூட்டும் கேஸ், காற்று அல்ல. உள்பெட்டி அறையில் இருக்கும் அதே காற்றை இழுத்து, குளிரவைத்து, அதே அறையில் விடுகிறது. நாற்பது பிள்ளைகள் விட்ட மூச்சு நாற்பது பிள்ளைகளுக்கே குளிர்ச்சியாகத் திரும்பி வருகிறது.

குளிர் வெளியே போய்விடும், கரண்ட் பில் ஏறும் என்று ஜன்னலையும் அடைப்போம், கதவையும் சாத்துவோம். வியர்வை நின்றுவிடுவதால் காற்று கெட்டிருப்பதே தெரியாது. நம் கவலை இதுதான். வெப்பத்தில் பிள்ளை "புழுங்குது" என்று சொல்லும், நாம் எழுந்து ஜன்னலைத் திறப்போம். ஏ.சி. அறையில் பிள்ளை எதுவும் சொல்லாது, தூங்கிவிடும்.

மற்றவற்றையும் சொல்லிவிடுவோம். சீலிங் ஃபேன் உள்ளே இருக்கும் காற்றைச் சுழற்றும், மாற்றாது. ஏர் பியூரிஃபையர் தூசியை வடிகட்டும், கரியமில வாயுவைக் குறைக்காது. அறையில் நாலு பூந்தொட்டி வைத்தால் அழகாக இருக்கும், நாற்பது பேர் மூச்சுக்கு அது ஈடாகாது. ஊதுபத்தியும் சாம்பிராணியும் வாடையை மறைக்கும், காற்றைப் புதுசாக்காது, புகையைத்தான் கூட்டும். புதிய காற்று வெளியிலிருந்துதான் வர வேண்டும், வேறு வழி இல்லை.

ஏன் மூடுகிறோம்?

ஜன்னலைத் திறந்து வை என்று சொல்வது எளிது. அதை மூட நமக்கு நான்கு காரணங்கள் இருக்கின்றன. நான்கும் உண்மையான காரணங்கள்தான்.

முதலாவது கொசு. மஃரிப் நேரம்தான் கொசு வரும் நேரம், அதுதான் நம் வகுப்பு நேரமும். இதற்கு வழி ஜன்னலுக்கு வலை அடிப்பது. வலை காற்றைக் கொஞ்சம் தடுக்கும்தான், ஆனால் மூடிய ஜன்னலோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளிலிருந்து வருவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. பிள்ளை பக்கத்தில் சிகரெட் பிடிக்க யாரையாவது விடுவோமா?

இரண்டாவது கண்ணியம். பெண் பிள்ளைகள் படிக்கும் அறை, தெருவிலிருந்து பார்வை விழக் கூடாது என்று ஜன்னலைப் பலகை அடித்து மூடுகிறோம். அக்கறை சரி. ஆனால் நம் முன்னோர்களும் இதே அக்கறையோடுதான் வீடு கட்டினார்கள். பழைய வீட்டு ஜன்னல்களைப் பாருங்கள், மேல் கதவு தனி, கீழ்க் கதவு தனி. கீழே சாத்தினால் உள்ளே இருப்பவர் தெரியமாட்டார், மேலே திறந்தால் காற்று வரும். கூரையை ஒட்டி வெண்டிலேட்டர் இருக்கும், நடுவில் முற்றம் இருக்கும். கண்ணியமும் இருந்தது, காற்றும் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே ஜாலிக் கல் வைத்தால் போதும். மேலும், உடம்பின் சூடு பட்ட மூச்சுக்காற்று மேல்நோக்கிப் போகும், உயரத்தில் இருக்கும் திறப்புதான் அதற்கு நல்ல வாசல்.

மூன்றாவது இரைச்சலும் தூசியும். தெருப்பக்கம் ஆட்டோவும் பைக்கும் போகின்றன, சில நேரம் குப்பை எரிக்கிறார்கள். அப்போது தெருப்பக்க ஜன்னலை மூடலாம், கொல்லைப்பக்க ஜன்னலையும் வராந்தாக் கதவையும் திறந்து வைக்கலாம். காற்று ஒரு பக்கம் நுழைந்து எதிர்ப் பக்கம் வெளியேற வேண்டும். ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் இருப்பதைவிட எதிரெதிர்ச் சுவரில் ஒவ்வொன்று இருப்பது நல்லது.

நான்காவது மழை. அதற்குச் சன்ஷேடை நீட்டினால் போதும்.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. கரண்ட் போனால் மாடிப்படிக்குக் கீழேயோ, ஜன்னலை ஒட்டியோ ஜெனரேட்டர் வைத்து ஓட்டுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதன் புகையில் வருவது கார்பன் மோனாக்சைடு. பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் அது கரியமில வாயு அல்ல. வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, கொஞ்ச நேரத்திலேயே உயிரை வாங்கும். ஜெனரேட்டர் எப்போதும் கட்டடத்துக்கு வெளியே, ஜன்னல்களைவிட்டுத் தள்ளித்தான் இருக்க வேண்டும்.

மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா?

"இதெல்லாம் விஞ்ஞானம், நம் சபைக்கு எதற்கு?" என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜும்ஆவுக்குக் குளித்துவிட்டு வர வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். அது எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டது என்பதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியது அபூதாவூதில் பதிவாகி இருக்கிறது. அன்றைய மக்கள் உழைப்பாளிகள். முதுகில் சுமை தூக்குவார்கள், கம்பளி உடுத்துவார்கள். பள்ளிவாசலோ இடம் குறுகியது, கூரை தாழ்ந்தது, ஓலைப் பந்தல் போன்றது. ஒரு வெப்பமான நாளில் எல்லாருக்கும் வியர்த்து, அந்த வாடை ஒருவருக்கொருவர் தொல்லையானது. அதை உணர்ந்த பிறகுதான் நபி (ஸல்) அவர்கள் ஜும்ஆ நாளில் குளித்து, இருப்பதில் நல்ல நறுமணத்தைப் பூசி வரச் சொன்னார்கள். பின்னாளில் அல்லாஹ் வசதியைக் கொடுத்தான், உடையும் மாறியது, பள்ளிவாசலும் விசாலமானது என்றும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொல்கிறார்கள்.

கூட்டமாக உட்காரும் இடத்தில் ஒருவரின் மூச்சும் வியர்வையும் அடுத்தவருக்குத் தொல்லை ஆகக் கூடாது என்ற அக்கறை நமக்குப் புதிதல்ல. வெங்காயம், பூண்டு தின்றுவிட்டுப் பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லப்பட்டதும் அந்த அக்கறைதான். பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த மருத்துவர் அலீ இப்னு ரிள்வான், அந்த நகரத்தின் குறுகிய தெருக்களிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் காற்று தேங்கி நோயாகிறது என்று எழுதினார். நம் முன்னோர்கள் காற்றைப் பற்றி யோசித்தவர்கள்.

என்ன செய்யப் போகிறோம்?

ஏ.சி.க்கென்று நிய்யத் வைத்துத் தரும் பணத்தை நாமாக வேறு வேலைக்குத் திருப்ப முடியாது. ஆகவே பணம் தர முன்வந்த சகோதரர்களுக்கு விஷயத்தை விளக்கி எழுதினோம். காற்றோட்ட வேலைக்கு முதலில் செலவழிக்க மனப்பூர்வமாகச் சம்மதம் தந்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

கோடை விடுமுறையில் மாடி அறைகளின் கொல்லைப்பக்கச் சுவரில் உயரத்தில் திறப்பு வைத்து ஜாலியும் வலையும் பொருத்தப் போகிறோம். தெருப்பக்க ஜன்னல்களில் மேல் பாதி மட்டும் தனியாகத் திறக்கும்படி மாற்றப் போகிறோம். ஒவ்வோர் அறைக்கும் எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் வைக்கிறோம். ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர் புதிய காற்று வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வழிகாட்டியது. 40 பிள்ளைகளுக்கு ஒரு மணிக்கு 1,440 கன மீட்டர். ஃபேன் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் இந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்குவோம். அவ்வளவு காற்று வந்தால் நம் அறையில் அளவு 750-ஐ ஒட்டி நிற்கும் என்பது கணக்கு. ஃபேன் காற்றை வெளியே தள்ளினால் போதாது, எதிர்ப் பக்கம் காற்று நுழைய வழி திறந்திருக்க வேண்டும்.

அளந்து பார்க்க ஒரு மீட்டரும் வாங்குகிறோம். சில ஆயிரம் ரூபாய் ஆகும். மலிவான சில கருவிகள் கரியமில வாயுவை நேராக அளக்காமல் வேறு வாயுக்களை வைத்து ஊகித்துச் சொல்லும், அவை வேண்டாம். அகச்சிவப்புக் கதிர் வைத்து அளக்கும் கருவிதான் சரி. வெளியே மொட்டை மாடியில் வைத்தால் 420-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும், அதுவே அதற்குச் சோதனை. வகுப்பில் பிள்ளை உட்காரும் உயரத்தில், ஜன்னலை விட்டும் யாருடைய முகத்தை விட்டும் தள்ளி வைப்போம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே அதைப் பார்த்து நோட்டில் எழுதட்டும். 1,000-ஐத் தாண்டினால் எழுந்து ஜன்னலைத் திறக்கும் பொறுப்பும் அவர்களுக்குத்தான். அந்த நோட்டு வாசலில் தொங்கும், எந்தப் பெற்றோரும் பார்க்கலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகு, வெயில் தாங்க முடியாத மாதங்களுக்கு ஏ.சி. போடுவதில் நமக்கு மறுப்பு இல்லை. வெப்பமும் பிள்ளையை வாட்டத்தான் செய்கிறது. ஆனால் ஏ.சி. ஓடும்போதும் எக்ஸ்ஹாஸ்ட் ஓடும், எதிர்த் திறப்பு மூடப்படாது. இதனால் கரண்ட் பில் கூடும். அதைத் தெரிந்துதான் சொல்கிறோம். ஜெர்மனியில் கொரோனா காலத்தில் உறைகிற குளிரிலும் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வகுப்பறை ஜன்னல்களை முழுக்கத் திறந்து சில நிமிடம் விட்டார்கள். அவர்களால் அந்தக் குளிரில் முடிந்தது, நம்மால் இந்த வெயிலில் முடியாதா?

வேலை முடியும் வரை நாளையிலிருந்தே செய்யக்கூடியது இது: ஒவ்வொரு பாடம் மாறும்போதும் எல்லா ஜன்னலையும் கதவையும் பத்து நிமிடம் திறப்பது, தொழுகைக்குப் பிள்ளைகள் போகும் நேரம் முழுவதும் அறையைத் திறந்தே வைப்பது. உஸ்தாதுமார்கள் இதை வழக்கமாக்க வேண்டும்.

வீட்டில் உங்கள் பங்கு என்ன? நம் வீடுகளில் ஏ.சி. அறை ஒன்றுதான் இருக்கும். கோடையில் குடும்பமே அந்த அறையில் கதவைச் சாத்திப் படுக்கும். படுக்கும் முன் ஜன்னலைத் திறந்து அறையை மாற்றுங்கள். இரவில் கதவையோ மேல் ஜன்னலையோ கொஞ்சம் திறந்து வையுங்கள். காலையில் தலை பாரமாக எழுந்திருக்கும் பிள்ளைகளுக்கு அதுவே பாதி வைத்தியமாக இருக்கலாம். பிள்ளை வேறு டியூஷனுக்குப் போனால், ஏ.சி. இருக்கிறதா என்று கேட்பதோடு ஜன்னல் திறக்குமா என்றும் கேளுங்கள். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் வெண்டிலேட்டரை விட்டுவிடாதீர்கள். மாடியில் பெண்கள் தொழும் பகுதியையும் இதே கணக்கில் பார்க்குமாறு ஜமாஅத் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்கிறோம். பல ஊர்களில் பள்ளிவாசலிலேயே காற்று மிகக் குறைந்த இடம் அதுதான்.

பிள்ளைகள் நம்மிடம் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. புதிய காற்று வேண்டும் என்று கேட்க அவர்களுக்குத் தெரியாது. அதனால் அவர்களுக்காக நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. கொடுக்கக் காசு இல்லாதவரும் ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கலாம், அதற்கும் நற்கூலி உண்டு என்று நம்புகிறோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் நல்ல உடல்நலத்தையும் தருவானாக! உதவிக்கரம் நீட்டிய சகோதரர்களின் தர்மத்தை ஏற்றுக்கொள்வானாக! இந்த வேலையைக் குறையில்லாமல் முடிக்க நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.